தாடையில் குத்திக்கொள்கிறாரா? முதலில் வாயைத் திறந்து பாருங்கள்

மறுபடியும் அதே கதை. அறிவுசார் குறைபாடு உள்ள, பேச வராத ஒருவர், சில மாதங்களாகத் தன் தாடையில் தானே குத்திக்கொள்கிறார், சாப்பாட்டைத் தள்ளிவிடுகிறார், தூங்குவதில்லை. அமைதிப்படுத்தும் மாத்திரையின் அளவை ஏற்றிக்கொண்டே போயிருக்கிறார்கள். கடைசியில் பார்த்தால் கடைவாய்ப் பல்லின் வேரில் சீழ்.

"அவங்க அப்படித்தான்." வீட்டில் சொல்கிறார்கள், காப்பகத்தில் சொல்கிறார்கள், மருத்துவம் படித்தவர்களே சொல்கிறார்கள். அறிவுசார் குறைபாடு சிறு வயதிலிருந்தே இருப்பது. போன மாதம் வரை இல்லாத பழக்கம் இந்த மாதம் வந்தால், அதற்கு இருபது வருடக் குறைபாடு எப்படிக் காரணமாகும்? புதிதாக ஏதோ நடந்திருக்கிறது. அதைத் தேடாமல் மாத்திரை கொடுத்தால் அடிப்பது குறையலாம், சீழ் அப்படியேதான் இருக்கும். "இவங்களுக்கு வலி அவ்வளவா தெரியாது" என்பதும் தவறு. வலி தெரியும். சொல்லத்தான் வராது. சிலர் வலியில் அழுவார்கள், சிலர் கடிப்பார்கள், சிலர் ஒரு மூலையில் ஒடுங்கிவிடுவார்கள்.

வாய், காது, வயிறு, சிறுநீர் என்று வரிசையாகப் பாருங்கள். காதில் குறும்பி அடைத்திருப்பவரைத்தான் பல நேரம் "சொன்ன பேச்சு கேட்பதில்லை" என்கிறோம். சாப்பிட்டபின் முரண்டு பிடித்தால் நெஞ்செரிச்சலை நினையுங்கள்.

வயிற்றைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். மலச்சிக்கலை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை, ஆனால் அது உயிரையே பறிக்கும். நடமாட்டம் குறைவு, தண்ணீர் குறைவு. அதற்கு மேல் மருந்துகள்: மனநல மாத்திரைகளில் பல, அவற்றின் பக்கவிளைவுக்குத் தரும் ட்ரைஹெக்ஸிஃபெனிடில், எச்சில் வடிவதைக் குறைக்கும் மருந்து, இரும்புச்சத்து மாத்திரை எல்லாமே குடலை மந்தமாக்கும். நடத்தைக்காகக் கொடுத்த மருந்து மலத்தை இறுக்கும், அந்த வலியில் நடத்தை இன்னும் மோசமாகும், மருந்தின் அளவு இன்னும் ஏறும். தினமும் போகிறார் என்பதால் சிக்கல் இல்லை என்று அர்த்தமில்லை. ஆட்டுப் புழுக்கை போல நாலு உருண்டை வந்தால் அதுவும் மலச்சிக்கல்தான். இறுகிய மலத்தைச் சுற்றி நீர்த்த மலம் கசிவதும் உண்டு. அதை வயிற்றுப்போக்கு என்று எண்ணி நிறுத்தும் மருந்து கொடுத்துவிடாதீர்கள். மலம் போன தேதி, அளவு, தன்மை மூன்றையும் ஒரு நோட்டில் எழுதுங்கள். வயிறு உப்பி, வாந்தியும் வந்தால் காலை வரை காத்திருக்காதீர்கள், உடனே அவசரப் பிரிவு.

சாப்பிடும்போது இருமல், சாப்பிட்டபின் ஈரமான குரல், அடிக்கடி நிமோனியா என்றால் உணவு மூச்சுக்குழாய்க்குள் போகிறதா என்று பார்க்க வேண்டும். நிமிர்ந்து உட்காரவைத்துத்தான் ஊட்ட வேண்டும். ஊட்டியதும் படுக்கவைக்கக் கூடாது.

டவுன் சிண்ட்ரோம் (ஒரு குரோமோசோம் கூடுதலாக இருப்பதால் பிறவியிலேயே வரும் நிலை) உள்ளவர்களுக்குத் தைராய்டு பரிசோதனை வருடத்துக்கு ஒருமுறை கட்டாயம். கண்ணும் காதும் அடிக்கடி பார்க்கப்பட வேண்டும். நாற்பதுகளில் மறதி நோய் வரக்கூடும் என்பது உண்மைதான். ஆனாலும் தைராய்டு, கேட்கும் திறன், மனச்சோர்வு, தூக்கத்தில் மூச்சடைப்பு இவற்றைப் பார்க்காமல் அந்த முடிவுக்கு வராதீர்கள். நடை திடீரென்று தடுமாறினாலோ கழுத்து சாய்ந்தாலோ கழுத்தெலும்பு தண்டுவடத்தை அழுத்தியிருக்கலாம், அது அவசரம்.

சக மருத்துவர்களே, கூட வந்தவரிடம் மட்டும் பேசாதீர்கள். நோயாளியிடமே கேளுங்கள்: ஒரு நேரத்தில் ஒரு கேள்வி, பதிலுக்குப் பத்து விநாடியாவது பொறுமை. நாளின் முதல் நேரத்தை ஒதுக்குங்கள். ரத்தம் எடுக்க ஒரு மணி நேரம் முன்பே மரத்துப்போகும் களிம்பு தடவச் சொல்லுங்கள். அவசரமில்லாத ஊசிக்கு நாலு பேர் பிடித்து அமுக்கினால், அடுத்த முறை அவர் வாசலைக்கூட மிதிக்க மாட்டார். கோப்பில் "ஒத்துழைக்கவில்லை" என்று எழுதிப் புற்றுநோய்ப் பரிசோதனையைக் கைவிடுவது உரிமை மறுப்பு. மற்றவர்களுக்குக் கிடைக்கும் அதே தரமான சிகிச்சை இவர்களுக்கும் உண்டு என்று 2006இல் ஐ.நா. ஏற்ற மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையின் 25ஆம் பிரிவு சொல்கிறது.

குடும்பத்தாரிடம் ஒரு வேண்டுகோள். ஒரே ஒரு தாளில் எழுதி வையுங்கள்: வலி வந்தால் என்ன செய்வார், ஆம் இல்லை என்பதை எப்படிக் காட்டுவார், மருந்துகளும் அளவும், வலிப்பு வந்தால் செய்ய வேண்டியது, எதைக் கண்டால் பயம். மருத்துவமனைக்கு நீங்கள் கூட வர முடியாத நாளில் அந்தத் தாளாவது வரட்டும். அமைதிப்படுத்தும் மாத்திரை எழுதித் தந்தால் எதற்காக, எத்தனை நாள், எப்போது மறுபரிசீலனை என்று கேட்டு அதிலேயே குறியுங்கள். ஏற்கெனவே நெடுநாளாக எடுத்துவருகிறவருக்கு, இதைப் படித்துவிட்டு நீங்களாகவே சட்டென நிறுத்திவிடாதீர்கள்; மருத்துவர் சொல்படி படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும்.