வளங்குன்றா வளர்ச்சி: ஒரு சொல் விளக்கம்

ஆங்கிலத்தில் 'சஸ்டெயினபிள் டெவலப்மென்ட்' எனப்படுவது தமிழில் 'நிலையான வளர்ச்சி', 'நீடித்த வளர்ச்சி', 'வளங்குன்றா வளர்ச்சி' என மூன்று பெயர்களில் வழங்குகிறது. இலங்கைத் தமிழர் 'நிலைபேறான அபிவிருத்தி' என்பர். இவற்றுள் 'வளங்குன்றா வளர்ச்சி'யே பொருளைச் சரியாகச் சொல்கிறது என்பது என் துணிபு.

'சஸ்டெயின்' என்னும் வினை, கீழிருந்து தாங்குதல் என்று பொருள்படும் 'சஸ்தினேரே' என்ற இலத்தீன் சொல்வழி வந்தது. கருத்து உருவானதோ ஜெர்மானியக் காட்டில். சாக்சனியின் சுரங்க நிர்வாகத்தில் இருந்த ஹன்ஸ் கார்ல் ஃபொன் கார்லோவிட்ஸ், உலைகளுக்கு விறகும் கரியும் தந்தே காடு அழிவதைக் கண்டு, வெட்டுவதும் வளர்வதும் ஈடாக இருக்க வேண்டும் என்று 1713இல் எழுதினார். பின்னர் 1987இல், குரோ ஹார்லெம் புருண்ட்லாந்து தலைமையிலான ஐ.நா. ஆணையம், வருங்காலத் தலைமுறையின் தேவைகளுக்கு ஊறு செய்யாமல் இன்றைய தேவைகளை நிறைவேற்றும் வளர்ச்சி என்று இதை வரையறுத்ததோடு, ஏழைகளின் அடிப்படைத் தேவைகளுக்கே முதலிடம் என்றும் சேர்த்துச் சொன்னது. மேற்கோள் காட்டுவோர் பெரும்பாலும் இந்தப் பிற்பகுதியை விட்டுவிடுகிறார்கள். 2015இல் ஐ.நா. ஏற்ற 17 இலக்குகளில் முதலாவதும் வறுமை ஒழிப்பே.

'நிலையான' என்னும் அடை ஏன் போதாது? திருப்பூரின் பனியன் ஏற்றுமதி பல்லாண்டுகள் நிலையாகத்தான் வளர்ந்தது. அதே ஆண்டுகளில் சாயக்கழிவு நொய்யலில் இறங்கி, பாசனத்துக்காகக் கட்டிய ஒரத்துப்பாளையம் அணை கழிவுநீர்த் தேக்கமாகி, கீழ்ப்பகுதி விவசாயிகளின் கிணறுகள் உப்பேறின. கழிவை அறவே வெளியேற்றாத ஏற்பாடு செய்யும்வரை சாய ஆலைகளை மூடுமாறு 2011இல் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட வேண்டியதாயிற்று. வளர்ச்சி நிலைத்தது, வளம் குன்றியது. 'நீடித்த' என்பதோ காலத்தை மட்டுமே குறிக்கும், நோயும்தான் நீடிக்கிறது.

'குன்றா' என்பது 'குன்றாத' என்பதன் ஈறு கெட்ட வடிவம், அதாவது ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம். இத்தொடர் புதிது என்றாலும் இதன் உறுப்புகள் பழையவை. 'ஏரின் உழாஅர் உழவர் புயலென்னும் வாரி வளங்குன்றிக் கால்' என்பது 14ஆம் குறள்: மழைவளம் குன்றினால் ஏர் ஓடாது. ஏர் ஓடாவிட்டால் வருவது வறுமை. அந்த 'வறுமை'யும் 'வறட்சி'யும் ஒரே அடியில் பிறந்த சொற்கள். வளம் காய்ந்துபோவதையே ஏழ்மையாக நம் மொழி கண்டிருக்கிறது.

வளம் குன்றாமல் பயன்கொள்வதற்குக் கொங்கு நாட்டில் கண்முன் சான்று உண்டு. காங்கேயம், தாராபுரம் பக்கத்து மானாவாரி நிலங்களில் கிளுவை வேலி கட்டி, கொழுக்கட்டைப்புல்லும் வெள்வேல மரமும் வளர விட்டிருக்கும் மேய்ச்சல் நிலத்துக்குக் 'கொறங்காடு' என்று பெயர். அதைப் பல துண்டுகளாகத் தடுத்திருப்பார்கள். ஒரு துண்டில் மாடு மேயும்போது அடுத்த துண்டின் படல் சாத்தியிருக்கும், புல் தழைந்த பிறகே திறக்கும். சித்திரையில் புல் காய்ந்தாலும் மரத்தடியில் உதிர்ந்து கிடக்கும் வெள்வேலங்காயைச் செம்மறியாடுகள் பொறுக்கித் தின்னும். மழை பொய்த்த ஆண்டில் குடும்பம் நடப்பது அந்த ஆட்டுக்குட்டி விற்ற காசில்தான்.

வளத்தைத் திட்டமிடுவதற்கு இங்குள்ள சொல் 'முறை'. கீழ்பவானிப் பாசனத்தின் 2,07,000 ஏக்கரை ஒற்றைப்படை மதகு, இரட்டைப்படை மதகு எனச் சரிபாதியாக்கி, ஒரு பாதிக்கு நன்செய்க்கும் மறுபாதிக்குப் புன்செய்க்கும் தண்ணீர் விட்டு, அடுத்த ஆண்டு மாற்றிவிடுவார்கள். ஒருவர் நெல் நட்டால் மற்றவருக்குக் கடலையோ எள்ளோ. கடைமடைக்காரர் வாய்க்காலைப் பார்த்து ஏமாறுவதைத் தவிர்க்கவே இந்த ஏற்பாடு.

எழுதுவோருக்கு ஒரு குறிப்பு. 'வளங்குன்றா வளர்ச்சி'யில் ஒற்று மிகாது; வல்லினம் தொடர்ந்தால் 'வளங்குன்றாப் பாசனம்' என மிகும். கிராம சபைத் தீர்மானத்தில் 'வளம் குன்றாத வளர்ச்சி' என்று விரித்தே எழுதலாம். வாசித்துக் காட்டும்போது எல்லோருக்கும் விளங்கும்.