உறைந்த ஏரியில் கொதித்த எஞ்சின்

குன்னூரில் பத்தாண்டுகள் வாடகை ஜீப் ஓட்டிய என் மைத்துனன் இப்போது கனடாவில் குடியிருக்கிறான். சென்ற குளிர்காலத்தில் ஒருநாள் தொலைபேசியில் அழைத்து, “மாமா, இங்க மைனஸ் பதினஞ்சு டிகிரி. சுத்தி எங்க பார்த்தாலும் ஐஸ்தான். ஆனா பர்லியார் ஏத்தத்துல நிக்கிற மாதிரி வண்டி சூடாகி நின்னுட்டேன்” என்றான். அவன் ஓட்டியது ஸ்னோமொபைல் எனப்படும் பனிவண்டி. முன்னால் இரண்டு சறுக்குப் பலகைகள், பின்னால் ஓடும் அகலமான ரப்பர் பட்டை, அவற்றை இயக்க ஓர் எஞ்சின், அவ்வளவுதான் அந்த வண்டி. உறைந்த ஏரியின் நடுவில் வெப்ப எச்சரிக்கை விளக்கு எரிந்திருக்கிறது. எஞ்சினை நிறுத்தி ஆறவிட்டு, மெல்ல ஓட்டிக் கரையோரம் கிடந்த தூள்பனிக்குள் புகுந்த பிறகு, விளக்கு மறுபடி எரியவே இல்லையாம்.

அவனுக்கு நான் முதலில் சொன்னது என் சொந்த அசட்டுத்தனத்தைத்தான். தலைகுந்தாவில் புல்வெளி முழுவதும் உறைபனியால் வெளுத்துக் கிடந்த ஒரு ஜனவரிக் காலையில், எஞ்சின் சீக்கிரம் சூடேறட்டும் என்று ரேடியேட்டருக்கு முன்னால் பழைய காலண்டர் அட்டையைச் செருகியவன், அதை எடுக்க மறந்து பைக்காரா வரை ஓட்டிக்கொண்டு போனேன். வெளியே கையுறை இல்லாமல் நிற்க முடியாத குளிர். உள்ளே வெப்பமானியின் முள் சிவப்புக் கோட்டைத் தொட்டுவிட்டது. சுற்றிலும் எவ்வளவு குளிர் இருந்தாலும், அது வெப்பம் வெளியேறும் பரப்பை வந்து தொடாதவரை எஞ்சினுக்கு அதனால் ஒரு பயனும் இல்லை. பனிவண்டியின் கதையும் இதுவே. அங்கே அட்டைக்குப் பதிலாகப் பனியின் இறுக்கம் தடையாக நிற்கிறது.

பெட்ரோலில் உள்ள ஆற்றலில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே சக்கரத்துக்குப் போகிறது. இன்னொரு பங்கு புகையோடு வெளியேற, மிச்சமுள்ள பங்கை எஞ்சினைச் சுற்றி ஓடும் நீர் ஏற்றுக்கொண்டு ரேடியேட்டரில் இறக்கிவைக்கிறது. மேட்டுப்பாளையம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 325 மீட்டர் உயரத்திலும், குன்னூர் சுமார் 1,850 மீட்டர் உயரத்திலும் உள்ளன. ஆட்களோடு சேர்த்து 1,500 கிலோ எடையுள்ள ஒரு கார், ஒரு மணி நேரத்தில் அந்த உயரத்தை ஏறினால், ஏற்றத்துக்கு மட்டுமே சராசரியாக 6 கிலோவாட் திறன் செலவாகிறது. அதே மெதுவான வேகத்தில் சமவெளியில் ஓட 2 கிலோவாட்டுக்குள் போதும். ஆக, உருவாகும் வெப்பம் பல மடங்காகிறது. ரேடியேட்டரில் மோதும் காற்றோ கூடவில்லை. வண்டிகள் பெரும்பாலும் இந்த மலைப்பாதையின் கீழ்ப்பகுதியில், கல்லாறுக்கும் பர்லியாருக்கும் இடையில் திணறுவதற்கும், மேலே ஊட்டியை நெருங்கும்போது தேறிவிடுவதற்கும் காரணம், கீழே காற்று சூடாக இருப்பதுதான். ஊட்டியில் காற்றின் அடர்த்தி கடற்கரையைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு என்றாலும், அந்த நட்டத்தைக் குளிர் ஈடுகட்டிவிடுகிறது.

காரின் ரேடியேட்டருக்குக் காற்றே போதுமானதாக இருப்பதற்குக் காரணம், அதன் மெல்லிய தகட்டு மடிப்புகளை விரித்துப் பரப்பினால் பல சதுர மீட்டர் தேறும் என்பதே. பனிவண்டியில் அவ்வளவு பெரிய ரேடியேட்டரை வைக்க இடமில்லை. வைத்தாலும் பறக்கும் பனித்தூள் அதை அடைத்துவிடும். ழோசப் ஆர்மான் பொம்பார்டியர் என்ற கியூபெக் மாகாணத்துக்காரர் 1959-இல் விற்பனைக்குக் கொண்டுவந்த ஸ்கி-டூ போன்ற தொடக்ககால வண்டிகளின் எஞ்சின்கள் சிறியவை. காற்றே அவற்றைக் குளிர்வித்தது. திறன் கூடக் கூட நீரோட்டம் தேவைப்பட்டபோது, வடிவமைப்பாளர்கள் பனியையே வேலைக்கு வைத்தார்கள். ரப்பர் பட்டைக்கு மேலே கவிழ்த்த தொட்டிபோல இருக்கும் அலுமினியக் கூட்டை ‘டன்னல்’ என்பார்கள். அதன் உட்பக்கத்தில் தட்டையான வெப்பமாற்றிக் குழாய்களைப் பொருத்தி, எஞ்சினின் வெப்பத்தைச் சுமந்து வரும் கூலன்ட் என்ற குளிர்விப்புத் திரவத்தை அவற்றின் வழியே ஓடவிட்டார்கள். பட்டை சுழலும்போது அள்ளி வீசும் பனி அந்தக் குழாய்களில் மோதி உருகி, வெப்பத்தை வாங்கிக்கொண்டு வழிந்துவிடும்.

இது எவ்வளவு கெட்டிக்கார ஏற்பாடு என்பது கணக்குப் போட்டால் விளங்கும். 0 டிகிரியில் உள்ள ஒரு கிலோ பனி உருகுவதற்கு மட்டும் 334 கிலோஜூல் வெப்பத்தை விழுங்குகிறது. அதே ஒரு கிலோ தண்ணீரை 0-விலிருந்து 80 டிகிரிக்குச் சூடாக்கத் தேவைப்படும் வெப்பம் இது. கூலன்ட் சுமக்கும் வெப்பம் 25 கிலோவாட் என்று வைத்துக்கொண்டால், அதை வாங்கிக்கொள்ள நொடிக்கு 75 கிராம், அதாவது நிமிடத்துக்கு நாலரை கிலோ பனி உருகினால் போதும். தூள்பனியில் ஓடும் பட்டைக்கு அது ஒரு பொருட்டே அல்ல. பனியே வந்து படாமல் குளிர்ந்த காற்று மட்டும் அரை சதுர மீட்டர் குழாய்ப் பரப்பை உரசிச் சென்றால், என் தோராயக் கணக்கின்படி 2 கிலோவாட் அளவுக்கே வெப்பம் வெளியேறும். மிச்சமுள்ள 23 கிலோவாட் எஞ்சினுக்குள்ளேயே தங்கும். காற்றடித்துப் பனி பறந்துபோன ஏரியில், கண்ணாடிபோல் இறுகிய ஐஸின்மேல் பட்டை வழுக்கிக்கொண்டு ஓடியதே தவிர, அள்ளி வீச அதற்கு ஒன்றும் அகப்படவில்லை. என் மைத்துனனுக்கு நேர்ந்தது இதுதான்.

எனவே இந்த வண்டிகளில் செய்யும் மாற்றங்களில் நான் முதலிடம் கொடுப்பது விலையுயர்ந்த எதற்கும் அல்ல. ‘ஸ்க்ராச்சர்’ எனப்படும் இரண்டு வில்கம்பிகளுக்கே. பட்டைக்குச் சற்று முன்னால் தரையை உரசியபடி வரும் அவை, இறுகிய ஐஸைச் சுரண்டித் தூளாக்கிப் பட்டைக்குக் கொடுக்கின்றன. பட்டையைத் தாங்கி வழுக்கவிடும் பிளாஸ்டிக் சட்டங்களுக்கும் அந்தத் தூள்தான் மசகு. அது இல்லாவிட்டால் அவையும் உரசலில் இளகித் தேய்ந்துவிடும். வண்டியின் பின்னால் தொங்கும் ரப்பர் மடலை அழகுக்காக வெட்டிக் குறைப்பவர்கள் உண்டு. மடல் குட்டையானால் பட்டை வீசும் பனி டன்னலுக்குள் சுழலாமல் பின்னால் பறந்துவிடும் என்பதால், அதை முழு நீளத்துக்கு மாட்டிக்கொள்வதும் ஒரு மாற்றமே. டன்னலின் பின்பகுதியில் இன்னொரு வெப்பமாற்றியைச் சேர்ப்பது அடுத்த படி. இறுகிய பாதையிலேயே அதிகம் ஓட்டுபவர்கள், விசிறியோடு கூடிய சிறு ரேடியேட்டர் ஒன்றையும் முன்பக்கம் பொருத்துவார்கள். பனி கிடைக்காத இடத்தில் உதவுவது அது ஒன்றுதான்.

புதிய குழாய்களைச் சேர்த்தபின் பலரும் கோட்டைவிடும் இடம் ஒன்று உண்டு. வளைவுகளில் காற்று சிக்கி ‘ஏர் லாக்’ ஆகிவிட்டால், கூலன்ட் அங்கே தேங்கி நிற்கும். எத்தனை வெப்பமாற்றிகள் வைத்தாலும் பயனிருக்காது. நிரப்பும் வாய் எல்லாவற்றுக்கும் மேலே வருமாறு வண்டியைச் சாய்த்து, எஞ்சினை ஓடவிட்டு, காற்றுக் குமிழ்கள் வெளியேறும்வரை பொறுத்திருக்க வேண்டும். கூலன்ட்டிலும் அளவு முக்கியம். உறைவதைத் தடுக்கச் சேர்க்கும் எத்திலீன் கிளைக்காலும் நீரும் சரிபாதியாக இருந்தால் மைனஸ் 37 டிகிரி வரை உறையாது. கிளைக்காலை அதற்குமேல் கூட்டினால் வெப்பம் சுமக்கும் திறன் குறையும். சுமப்பதில் நீருக்கு இணை நீர்தான்.

ரேடியேட்டர் மூடியின் வேலையை நம் மலையிலிருந்தே புரிந்துகொள்ளலாம். சமவெளியில் 100 டிகிரியில் கொதிக்கும் நீர், ஊட்டியில் சுமார் 92 டிகிரியிலேயே கொதித்துவிடும். மூடியிலுள்ள சுருள்வில் உள்ளே கூடுதலாக 0.9 பார் அழுத்தத்தைத் தேக்கிவைத்தால், கொதிநிலை 115 டிகிரியை ஒட்டி ஏறிவிடுகிறது. சூடாக இருக்கும்போது அந்த மூடியைத் திறப்பவர், ஒரு நொடியில் அத்தனை நீரையும் கொதிநிலைக்கு மேலே நிறுத்திவிடுகிறார். அது முகத்தில் பாய்வதில் வியப்பில்லை. பர்லியாரில் ஈரச் சாக்கைப் போட்டு மூடியைத் திறக்கும் துணிச்சல்காரர்களை நான் பார்த்திருக்கிறேன். அரை மணி நேரம் டீ குடித்துவிட்டு வந்து திறப்பவரே என் கட்சி.

சூடு கூடுகிறது என்றதும் தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறியும் பட்டறைப் பழக்கம் நம் ஊரில் இன்னும் போகவில்லை. கூலன்ட் போதிய சூட்டை எட்டும்வரை ரேடியேட்டருக்குப் போகும் வழியை அடைத்து வைத்திருக்கும் இந்தச் சிறு வால்வு இல்லாவிட்டால், எஞ்சின் எப்போதும் அரைச் சூட்டில் ஓடி, பெட்ரோலைத் தின்று, விரைவில் தேய்ந்துபோகும். சில எஞ்சின்களில், நீர் ரேடியேட்டரைத் தொடாமல் எஞ்சினுக்கே திரும்பும் பக்கவழியை அடைப்பதும் அதே வால்வுதான். அதை எடுத்துவிட்டால் நீர் ரேடியேட்டருக்குப் போகாமல் குறுக்கே திரும்பி, வண்டி முன்னைவிட அதிகமாகச் சூடாகும். மைனஸ் 15 டிகிரியில் இதைச் செய்யலாமா என்று மைத்துனன் கேட்டபோது, வேண்டாம் என்று உறுதியாகச் சொன்னேன்.

அவன் கடைசியில் இரண்டு ஸ்க்ராச்சர்களை வாங்கி மாட்டினான். அதே ஏரியை அதே வேகத்தில் கடந்தபோது விளக்கு எரியவில்லை என்று செய்தி அனுப்பினான். பின்னோக்கி நகர்த்துமுன் அந்தக் கம்பிகளை மேலே தூக்கி மாட்ட வேண்டும் என்று நான் சொல்லியிருந்தேன். அடுத்த வாரம் வந்த புகைப்படத்தில் ஒரு கம்பி வளைந்து முறிந்திருந்தது.