இரண்டு டன் கதவை ஒருவர் எப்படித் திறந்தார்?

நியூயார்க்கின் 52ஆம் தெருவில் இருந்த '21' கிளப்பின் ரகசியக் கதவைப் பற்றி எழுதியிருந்தேன். "2 டன் எடையுள்ள கதவை ஒரே ஆள் கையால் தள்ள முடியுமா?" என்று வாசகர் ஒருவர் கேட்கிறார். அருமையான கேள்வி.

அமெரிக்காவில் 1920 முதல் 1933 வரை மதுவிலக்கு. ஜாக் கிரைண்ட்லரும் சார்லி பெர்ன்ஸும் நடத்திய இந்த மதுக்கூடத்தில், சோதனைக்கு ஆள் வந்தால் பொத்தானை அழுத்துவார்கள். அலமாரித் தட்டுகள் சாய்ந்து பாட்டில்கள் கீழே விழுந்து நொறுங்கும். சேமித்த சரக்கோ, நிலவறையில் செங்கல் சுவர் போலவே அமைந்த அந்த ரகசியக் கதவுக்கு அப்பால், பக்கத்து 19ஆம் எண் கட்டடத்தின் அடியில். "எங்கள் கட்டடத்தில் மது இல்லை" என்று பொய் சொல்லாமலே சொல்லலாம்! 1932இல் அதிகாரிகள் சல்லடை போட்டுத் தேடியும் கதவு சிக்கவில்லை.

காரணம், அந்தக் கனம்தான். மெல்லிய பலகையைத் தட்டினால் அதிர்ந்து குரல் கொடுக்கும். கனத்த செங்கல் கட்டு அசைந்து கொடுக்காது, சுவரைப் போலவே மந்தமாக ஒலிக்கும். சுவரின் விரிசல்களில் குறிப்பிட்ட ஒன்றில் இறைச்சி கோக்கும் நீண்ட கம்பியைச் செருகினால் பூட்டு விடுபடும்.

இனி, எனக்கு மிகவும் பிடித்த இடம். கதவின் எடை கீழ்நோக்கி இழுக்கிறது. கதவோ கிடைமட்டமாகச் சுழல்கிறது. கீலின் அச்சு செங்குத்தாக இருந்தால் ஈர்ப்பு மையம் (மொத்த எடையும் குவிந்திருப்பதாகக் கொள்ளும் புள்ளி) ஏறுவதுமில்லை, இறங்குவதுமில்லை. ஆகவே தள்ளுபவர் புவியீர்ப்போடு மல்லுக்கட்ட வேண்டியதே இல்லை. கீலின் உராய்வும், இருக்கும் நிலையிலேயே தொடரப் பார்க்கும் கதவின் நிலைமமும்தான் எதிரிகள்.

கதவு 2,000 கிலோ, அகலம் 1 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். ஓரத்தில் 50 நியூட்டன், அதாவது 5 கிலோ பையைத் தூக்கும் அளவு விசை கொடுத்தால், உராய்வை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால், 5 விநாடியில் கதவு 50 பாகைக்கு மேல் திரும்பிவிடும். ஆனால் அச்சு ஒரே ஒரு பாகை சாய்ந்திருந்தால்? கதவு தானாகவே சரிவின் பக்கம் சுழலப் பார்க்கும்; அதைப் பிடித்து நிறுத்தவே சுமார் 170 நியூட்டன் வரை தேவைப்படலாம். கீலைப் பொருத்திய கொத்தனாரும் கொல்லரும் எவ்வளவு தேர்ந்த கைகள்! பொருளைச் சுழற்றும் திருப்புவிசையைக் கரும்பலகையில் மட்டும் நடத்தும் நம் பள்ளிகளுக்கு ஆய்வகப் பணம் கொஞ்சம் கூடுதலாக ஒதுக்கினால், வகுப்பறைக் கதவிலேயே இதைப் பிள்ளைகளுக்கு அளந்து காட்டலாம்.

மெதுவாக நகர்வதால் இத்தகைய கதவை லேசாக எண்ணிவிடக் கூடாது. கிளப்பிவிட்ட பிறகு அதே நிலைமம் நிற்கவும் மறுக்கும். நடுவே விரல் அகப்பட்டால் எலும்பு நொறுங்கும்.