வானத்தில் வெளிச்சம் தெரிந்தால்: டிரோன் ஓட்டுபவன் சொல்ல விரும்புவது

பாலக்காடு மாவட்டத்தில் கொழிஞ்சாம்பாறை, சிற்றூர் பக்கம் நெல்வயலுக்கு டிரோனில் மருந்தடிப்பது என் தொழில். மழை ஓய்ந்து வானம் தெளிந்துவிட்டால் இரவில் எனக்கு போன் வரத் தொடங்கிவிடும். "ஏனுங்க தம்பி, உங்க மெஷினுங்களா அது? எங்க வீட்டு மேலயே நிக்குதுங்க" என்பார்கள். கூடவே வாட்ஸ்அப்பில் ஒரு வீடியோவும் வந்து விழும். அடுத்த அரை மணி நேரத்தில் அதே வீடியோ "திருட்டுக் கும்பல் நோட்டம் பார்க்கிறது", "பிள்ளை பிடிப்பவர்கள்" என்ற வாசகங்களோடு வேறு குரூப்பிலிருந்து எனக்கே திரும்பி வரும்.

அந்த வீடியோக்கள் ஏறக்குறைய எல்லாம் ஒரே மாதிரிதான். கறுப்புப் பின்னணியில் ஒரு வட்டம் துடிக்கும், நிறம் மாறும், ஓரத்தில் பல் பல்லாகத் தெரியும். போனில் ஜூம் செய்து ஒரு புள்ளி வெளிச்சத்தை எடுத்தால், கேமராவுக்கு ஃபோகஸ் கிடைக்காமல் புள்ளி ஊதிப் பெருத்து வட்டமாகும். கை நடுங்கும்போது அது பாய்ந்து ஓடுவதுபோலத் தோன்றும். மார்கழியில் இரவு எட்டரை மணிக்கு மேல் தென்கிழக்கில் தாழ்வாக வரும் சிரியஸ் நட்சத்திரத்தை எடுத்துப் பாருங்கள். இரவு வானில் தெரியும் நட்சத்திரங்களிலேயே பிரகாசமானது அதுதான். தாழ்வாக இருக்கும்போது அதன் ஒளி அடர்ந்த காற்றைத் தாண்டி வருவதால் சிவப்பு, பச்சை, நீலம் என்று மினுங்கும். எனக்கு வரும் வீடியோக்களில் பாதிக்கு இதுவே விடை.

மீதியில் பெரும்பாலானவை விமானங்கள். நம்மை நோக்கி நேராக வரும் விமானத்தின் முன்விளக்கு நிமிடக்கணக்கில் ஒரே இடத்தில் நிற்பதுபோலவே தெரியும். அது திரும்பிய பிறகுதான் இடது இறக்கையின் சிவப்பும் வலது இறக்கையின் பச்சையும் கண்ணில் படும். ரயில்பெட்டிகள் போல வரிசையாகப் போகும் வெளிச்சம் என்றால் ஸ்டார்லிங்க் செயற்கைக்கோள்கள். 2019 மே மாதத்திலிருந்து அவற்றைக் கொத்துக் கொத்தாக ஏவி வருகிறார்கள்.

எங்கள் மெஷினால் என்ன முடியும் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். பத்து லிட்டர் டேங்க் நிறைய மருந்தோடு ஏறினால் பத்து நிமிடம் தாங்குவதே பெரிது. அதற்குள் இறக்கி பேட்டரி மாற்ற வேண்டும். பயிருக்கு இரண்டு மூன்று மீட்டர் மேலேதான் பறக்கும். அதன் இரைச்சல் நாலு வயல் தள்ளிக் கேட்கும். கல்யாண வீட்டில் படம் பிடிக்கும் சின்ன டிரோன்கூட அரை மணி, முக்கால் மணியில் இறங்கியாக வேண்டும். சத்தமே இல்லாமல் மணிக்கணக்கில் நிற்கும் வெளிச்சத்துக்கும் இந்த டிரோன்களுக்கும் சம்பந்தமில்லை.

இந்தப் பயம் நம் ஊர்க்காரர்களின் அறியாமை என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். 2024 நவம்பர் நடுவில் அமெரிக்காவின் நியூஜெர்சியில், பிகாட்டினி ஆர்சனல் என்ற ராணுவ ஆயுத ஆராய்ச்சி மையம் இருக்கும் பகுதியில், இரவில் டிரோன் பறப்பதாகப் பேச்சு கிளம்பியது. ஒரு மாதத்துக்குள் அந்நாட்டு மத்தியப் புலனாய்வு அமைப்பான எஃப்.பி.ஐ.க்கு 5,000க்கும் மேற்பட்ட தகவல்கள் குவிந்தன. மேற்கொண்டு விசாரிக்க வேண்டியவை என்று தேறியவை 100 அளவில்தான். மேரிலாந்தின் முன்னாள் ஆளுநர் லாரி ஹோகன் தன் வீட்டுக்கு மேலே டஜன் கணக்கில் டிரோன்கள் என்று வீடியோ போட்டார். அதில் தெரிந்தது ஓரியன் நட்சத்திரக் கூட்டம், நம் திருவாதிரை இருக்கும் அதே கூட்டம். கடலில் நிற்கும் ஈரானியத் தாய்க்கப்பலிலிருந்து வருகின்றன என்று ஓர் எம்.பி. டிவியில் சொன்னார்; அந்நாட்டுப் பாதுகாப்புத் துறையான பென்டகன் அன்றே மறுத்தது. டிசம்பர் 16 அன்று அரசு அமைப்புகள் கூட்டாக அறிக்கை விட்டன: சட்டப்படி பறக்கும் டிரோன்கள், விமானங்கள், ஹெலிகாப்டர்கள், டிரோன் என்று தவறாக நினைக்கப்பட்ட நட்சத்திரங்கள், எல்லாம் கலந்ததுதான் மக்கள் பார்த்தவை என்று. அதற்குள் ஜனங்கள் விமானங்கள் மீது லேசர் அடிக்கத் தொடங்கியிருந்தார்கள். ஆராய்ச்சி முதலிய காரணங்களுக்காக அனுமதி பெற்றுப் பறந்தவையே பல என்று வெள்ளை மாளிகை சொன்னது 2025 ஜனவரி 28இல். இந்த வார்த்தையை முதல் வாரத்திலேயே சொல்லியிருந்தால் ஈரான் கப்பல் வந்திருக்குமா? யார் பறக்கவிடுகிறார்கள் என்று ஒருவரும் சொல்லாதபோது, அந்த இடத்தில் வதந்தி வந்து உட்கார்ந்துகொள்கிறது.

நம் நாட்டில் இது உயிரையே எடுத்திருக்கிறது. 2025இல் உத்தரப் பிரதேசக் கிராமங்களில், டிரோன் விட்டு வீடு குறித்துத் திருடுகிறார்கள் என்று புரளி பரவி, ஆண்கள் தடியோடு இரவுக் காவல் காத்தார்கள். முசாபர்நகரில் அப்படி வெளிச்சம் காட்டியவர்களைப் போலீஸ் பிடித்தபோது, வானில் தெரிந்த சிவப்பு, பச்சை வெளிச்சம் புறாக்கள் மேல் கட்டிய எல்.இ.டி. விளக்கு என்று தெரிந்தது. அந்த அக்டோபரில் ரேபரேலியில் ஒருவரை டிரோன் திருடன் என்று சந்தேகப்பட்டு அடித்தே கொன்றார்கள். நமக்கும் இது புதிதல்ல. 2018 ஜனவரியில் கேரளம் முழுக்க, ஜன்னல் கண்ணாடியில் இருந்த கறுப்பு ஸ்டிக்கரைப் பிள்ளை பிடிப்பவர்கள் வைத்த அடையாளம் என்று நினைத்துப் பெற்றோர்கள் தூக்கமில்லாமல் கிடந்தார்கள். கண்ணாடிகள் ஒன்றோடொன்று உரசாமல் இருக்கக் கடைக்காரர்கள் ஒட்டுவது அது. அதே ஆண்டு மே மாதம் தமிழ்நாட்டில், ஆந்திர எல்லையை ஒட்டிய பழவேற்காட்டில் ஒருவரும், போளூர் அருகே குலதெய்வக் கோயிலுக்கு வந்த மூதாட்டி ஒருவரும் பிள்ளை பிடிப்பவர்கள் என்ற சந்தேகத்தில் கொல்லப்பட்டார்கள். அவர்கள் மீது கை வைத்தவர்கள் அதற்கு முன் பார்த்தது போனில் வந்த ஃபார்வர்டை.

எல்லாச் சந்தேகமும் வீண் என்று நான் சொல்ல மாட்டேன். 2021 ஜூன் 27 அன்று ஜம்மு விமானப்படைத் தளத்தில் டிரோனிலிருந்து குண்டு போட்டார்கள். பஞ்சாப் எல்லையில் போதைப்பொருள் அதில்தான் வருகிறது. நமக்குப் பக்கத்திலும் சூலூர் விமானப்படைத் தளம் இருக்கிறது. மெய்யான டிரோன் ஒன்று தவறான இடத்தில் பறந்தால் போலீசுக்குத் தெரிந்தே ஆக வேண்டும். அதனால்தான் சரியாகப் பார்த்துச் சொல்லுங்கள் என்கிறேன்.

தூணில் சாய்ந்து நின்று, அந்த வெளிச்சத்தை ஓட்டு விளிம்புக்கோ தென்னை மட்டைக்கோ நேராக வைத்துப் பத்து நிமிடம் பாருங்கள். நட்சத்திரம் என்றால் மெல்ல மேற்கே நகர்ந்திருக்கும். விமானம் அதற்குள் போயிருக்கும். சத்தம் கேட்டு, வெளிச்சம் தாழ்வாகத் திரும்பித் திரும்பி வந்தால் டிரோனாக இருக்கலாம். நேரம், திசை, எவ்வளவு நேரம் தெரிந்தது என்று குறித்துக்கொண்டு 112க்கு அழையுங்கள். குரூப்பில் போட வேண்டாம். கல்லெறிவதோ லேசர் அடிப்பதோ கூடவே கூடாது. அடிபட்ட லித்தியம் பேட்டரி தீப்பிடிக்கும். மருந்தோடு இருபது கிலோவுக்கு மேல் எடையுள்ள மெஷின் கீழே நிற்பவர் தலையில் விழும்.

தோட்டத்துச் சாலையில் பழைய ஆட்களைத் தவிர்த்து வேறு யார் வந்தாலும், வடநாட்டிலிருந்து வேலைக்கு வந்த பையன்கள் உட்பட, "டிரோன் கும்பல்" என்று சுற்றி நிற்கும் பழக்கம் நம் பக்கம் வந்துவிடக்கூடாது என்பதே என் பெரிய கவலை.

என் தொழில்காரர்களிடமும் ஒன்று கேட்கிறேன். சர்வே எடுப்பதானாலும் மருந்தடிப்பதானாலும் முந்தின நாளே சொல்லுங்கள். நான் மெஷினை ஏற்றுவதற்கு முன்னால் பாடசேகர சமிதி என்னும் நெல் விவசாயிகள் குழுவின் செயலாளரிடம் ஒரு தாள் கொடுத்துவிடுவேன். தேதி, எந்த வயல், எத்தனை மணியிலிருந்து எத்தனை மணி வரை, டிரோனின் பதிவு எண், என் போன் நம்பர், எல்லாம் தமிழிலும் மலையாளத்திலும் இருக்கும். அதை ரேஷன் கடையிலும் டீக்கடையிலும் ஒட்டிவிடுவோம். வயலோர வீடுகளில் நேரில் போய்ச் சொன்னால் "எங்க வீட்டைப் படம் புடிக்குமுங்களா?" என்று பெண்கள் தயங்காமல் கேட்கிறார்கள். கன்ட்ரோலர் திரையைக் கையிலேயே கொடுத்துக் காட்டிவிடுகிறேன். அடுத்த இரண்டாம் பயிருக்குள், இந்தத் தாள் ஒட்டாமல் எந்த டிரோனும் வயலில் இறங்கக்கூடாது என்று கிருஷி பவன் என்னும் வேளாண் அலுவலகங்களும் பஞ்சாயத்துகளும் கட்டாயமாக்க வேண்டும்.