எதிர்முனைக்குக் கேட்காத வழிகாட்டிக் குரல்

சேலம் அஸ்தம்பட்டியிலிருந்து வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். ஏற்காடு மலைப்பாதையில் காரை ஓட்டிக்கொண்டே ஹேண்ட்ஸ் ஃப்ரீயில் தங்கையுடன் பேசுகிறார். டேஷ்போர்டுத் திரையில் மேப் ஓடுகிறது. "இடதுபுறம் திரும்பவும்" என்னும் வழிகாட்டிக் குரலும் தங்கையின் குரலும் அதே ஒலிபெருக்கிகளில்தான் வருகின்றன. மேற்கூரையில் உள்ள மைக்கில் இரண்டுமே விழத்தானே வேண்டும், பிறகு ஏன் தங்கைக்கு அந்தக் குரல் கேட்பதே இல்லை என்பது அவருடைய கேள்வி. அதே மேப்பை மனைவியின் கைபேசியில் போட்டால் மட்டும், "யாருண்ணா அது, நடுவுல பேசறது?" என்று தங்கை கேட்கிறாராம். கூர்ந்து கவனித்துக் கேட்ட கேள்வி இது. விடையின் பாதி இரண்டாவது பகுதியிலேயே இருக்கிறது.

கைபேசியும் கார்த் திரையும் பேசிக்கொள்ளும் விதத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். புளூடூத் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் நொடிக்கு 1,600 முறை தடம் மாறியபடி இயங்குகிறது. அதில் பாட்டுக்கு ஒரு வழியும் உரையாடலுக்கு வேறொரு வழியும் வகுக்கப்பட்டுள்ளன. அழைப்பு வந்ததும் பாட்டு நின்று, உரையாடல் வழி திறக்கிறது. உரையாடல் வழியில் நம் குரல் நொடிக்கு 8,000 மாதிரிகளாகவும், புதிய கார்களில் 16,000 மாதிரிகளாகவும் நறுக்கப்பட்டுச் செல்கிறது. ஒவ்வொரு மாதிரியும் அந்தக் கணத்து ஒலியின் அளவைச் சொல்லும் ஓர் எண். திரையில் பச்சைப் பொத்தானைத் தொட்டவுடன் கார் கைபேசிக்கு அனுப்பும் கட்டளை 'ஏடிஏ' என்னும் மூன்றே எழுத்துகள். 1981-இல் ஹேய்ஸ் நிறுவனத்தின் மோடத்துக்காக வகுக்கப்பட்ட கட்டளை மொழி அது. தொலைபேசிக் கம்பியில் மோடம் கீச்சிட்ட காலத்து மொழி தொடுதிரைகளுக்குப் பின்னால் இன்றும் பிழைத்திருப்பதை அறிந்த நாளிலிருந்து, அந்தப் பச்சைப் பொத்தான்மீது எனக்குத் தனி மரியாதை.

இனி எதிரொலிக்கு வருவோம். தங்கையின் குரல் காரின் ஒலிபெருக்கியில் ஒலித்து, மைக்கில் விழுந்து, செல்பேசி வலையமைப்பு வழியாக அவரிடமே திரும்பிச் சென்றால், தாம் பேசியதையே சிறிது நேரம் கழித்துத் தாமே கேட்கும் நிலை அவருக்கு ஏற்படும். உடனுக்குடன் கேட்டால் பெரிதாகத் தெரியாது. நொடியில் ஐந்திலொரு பங்கு பிந்திக் கேட்டாலே நாக்கு தடுமாறும். எனவே மைக் கேட்டதிலிருந்து ஒலிபெருக்கியின் ஓசையைக் கழித்துவிட்டு, எஞ்சியதை மட்டும் அனுப்ப வேண்டும். இதைச் செய்யும் கருவிதான் எதிரொலி நீக்கி.

கழித்தல் என்று எளிதாகச் சொல்லிவிட்டேன். ஒலிபெருக்கியிலிருந்து கிளம்பிய குரல் மைக்கை வந்தடையும்போது வேறொன்றாகிவிடுகிறது. நேராக வரும் ஒலி ஒரு மீட்டர் தூரத்தை ஏறத்தாழ 3 மில்லிநொடியில் கடந்துவிடும். அதே ஒலி முன்கண்ணாடியில் பட்டும், பின்கண்ணாடியில் பட்டும், இருக்கை மெத்தையில் ஒரு பங்கை இழந்தும், சற்றுப் பிந்தியும் மெலிந்தும் பலமுறை வந்து சேரும். அந்த வால் முழுவதும் அடங்கப் பல பத்து மில்லிநொடிகள் ஆகும். அந்தக் காருக்குள், அந்த வேளையில், ஒலி எப்படி உருமாறுகிறது என்பதைத் தெரிந்துகொண்டு, உருமாறிய அந்த வடிவத்தையே கழித்தாக வேண்டும்.

வாலின் நீளத்தை 64 மில்லிநொடி என்று வைத்துக்கொள்வோம். நொடிக்கு 16,000 மாதிரிகள் என்றால் அந்த இடைவெளியில் 1,024 மாதிரிகள் அடங்கும். கருவி அவை ஒவ்வொன்றுக்கும் ஓர் எடையை வைத்துக்கொள்கிறது. கடைசியாக ஒலிபெருக்கிக்கு அனுப்பிய 1,024 மாதிரிகளை அவற்றுக்குரிய எடைகளால் பெருக்கிக் கூட்டினால், இந்தக் கணத்தில் மைக்கில் விழுந்திருக்கக்கூடிய எதிரொலி எவ்வளவு என்ற மதிப்பீடு கிடைக்கும். மைக் உண்மையில் கேட்டதிலிருந்து அதைக் கழித்தால் வரும் மிச்சம்தான் தங்கைக்குச் செல்கிறது. தொடக்கத்தில் எல்லா எடைகளும் பூஜ்ஜியம் என்பதால், எதிரொலி முழுவதும் மிச்சத்திலேயே நிற்கும்.

அந்த மிச்சமே கருவிக்கு ஆசிரியராகிவிடுவதுதான் என்னைச் சொக்க வைக்கும் இடம். மிச்சம் நேர்க்குறியாக இருக்கும் கணத்தில், 3 மில்லிநொடிக்கு முன் அனுப்பிய மாதிரியும் நேர்க்குறியாக இருந்திருந்தால், அந்த மாதிரிக்குரிய எடை போதவில்லை என்று ஊகித்து அதைச் சற்றே கூட்ட வேண்டும். குறிகள் எதிரெதிராக இருந்தால் சற்றே குறைக்க வேண்டும். ஒருமுறை ஊகம் தவறினாலும் குடி முழுகிப் போவதில்லை, ஏனெனில் தற்செயலாகப் பொருந்தியவை கூடியும் குறைந்தும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போய்விட, உண்மையான தொடர்பு மட்டும் ஒரே திசையில் சேர்ந்துகொண்டே வரும். செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசை நிறுப்பவர் எடைக்கற்களைச் சேர்த்தும் எடுத்தும் தராசு முள்ளை நடுவுக்குக் கொண்டுவருவதைப் போன்றதுதான் இது. என்ன, இங்கே 1,024 தராசுகளை ஒரே நேரத்தில், நொடிக்கு 16,000 முறை சரிபார்க்க வேண்டும். எதிரொலியை மதிப்பிடுவதற்கு மட்டுமே நொடிக்கு 1.6 கோடிக்கும் மேற்பட்ட பெருக்கல்கள் தேவை. எடைகளைத் திருத்துவதற்கு ஏறக்குறைய இன்னொரு மடங்கு. இந்தத் திருத்தும் விதியை ஸ்டான்ஃபோர்டில் பெர்னார்ட் விட்ரோவும் டெட் ஹாஃபும் 1960-இல் வெளியிட்டார்கள்.

கருவி எதைக் கழிக்கிறது என்பதைப் பார்த்தால் வாசகரின் புதிர் அவிழ்ந்துவிடும். கார்த் திரைக்குப் பின்னாலுள்ள கணினி தங்கையின் குரலையும் வழிகாட்டிக் குரலையும் கலந்து, அந்தக் கலவையை ஒலிபெருக்கிக்கு அனுப்புகிறது. அதன் நகல் ஒன்று எதிரொலி நீக்கிக்கும் போகிறது. நீக்கியைப் பொறுத்தவரை இரண்டும் ஒரே கணக்கில் சேர்ந்த ஓசை, எனவே இரண்டும் சேர்ந்தே கழிந்துவிடும். மனைவியின் கைபேசி எழுப்பும் குரலின் நகலோ கருவியிடம் இல்லை. கார் தானே எழுப்பாத அந்த ஓசையை, வண்டிக்குள் இருக்கும் இன்னொருவர் பேசுவதாகக் கொண்டு அது அப்படியே அனுப்பிவைக்கிறது.

ஏற்காட்டுப் பாதையில் செல்பவர்கள் இந்தக் கருவி தடுமாறுவதையும் பார்க்கலாம். இருபது கொண்டை ஊசி வளைவுகளில் பாதியைக் கடந்ததும் காற்று குளிரத் தொடங்க, பலரும் ஏசியை அணைத்துவிட்டுக் கண்ணாடியை இறக்குவார்கள். ஒலி பட்டுத் திரும்பிய பரப்பு ஒன்று இல்லாமல் போகிறது. அதுவரை கற்ற எடைகளில் பல பொய்த்துப் போகின்றன. புதிய நிலையைக் கற்றுக்கொள்ளும் வரை தங்கைக்குத் தம் குரலே கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் திரும்பிக் கேட்கும். விரைவாகக் கற்கட்டும் என்று ஒவ்வொரு திருத்தத்தையும் பெரிதாக்கினால் எடைகள் நிலைகொள்ளாமல் ஆடும். சிறிதாக்கினால் கற்க நேரமாகும். இருவரும் ஒரே நேரத்தில் பேசிவிட்டாலோ சிக்கல் இன்னும் கூடும், ஏனெனில் மிச்சத்தில் இருக்கும் அண்ணனின் குரலையும் எதிரொலி என்று நம்பிக் கருவி எடைகளைக் கெடுத்துக்கொள்ளும். எனவே இருவரும் சேர்ந்து பேசுகிறார்கள் என்று தெரிந்த உடனேயே திருத்துவதை நிறுத்திவைக்கிறார்கள்.

எதிரொலியைக் கழிக்கும் எண்ணம் காருக்காகப் பிறக்கவில்லை. 1965-இல் ஏர்லி பேர்ட் செயற்கைக்கோள் பூமியிலிருந்து ஏறத்தாழ 36,000 கிலோமீட்டர் உயரத்தில் நிலைகொண்டபோது, அதன் வழியாகச் சென்ற தொலைபேசிப் பேச்சின் எதிரொலி அரை நொடி பிந்தித் திரும்பியது. ஒருவர் பேசும்போது மற்றவர் பக்கத்தை அடைத்துவிடும் பழைய உத்தி அங்கே எடுபடவில்லை. தானே கற்றுக் கழிக்கும் நீக்கியைப் பற்றி 1967-இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்திலிருந்து கட்டுரை வெளியிட்டவர் மன் மோகன் சோந்தி. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் படித்தவர். அதை ஒரே சில்லுக்குள் அடக்கப் பத்தாண்டுகளுக்கும் மேல் ஆயிற்று; அதுவரை அந்த ஆய்வகம் பொறுமையாகப் பணம் போட்டது. நம் நாடு ஆய்வுக்கும் மேம்பாட்டுக்கும் செலவிடுவது மொத்த உள்நாட்டு உற்பத்தியில் சுமார் 0.64 விழுக்காடு. அந்தத் தொகைக்கும் மூன்றாண்டில் பொருள் கைக்கு வர வேண்டும் என்று நெருக்கினால், சோந்தியைப் போன்றவர்கள் படிப்பது இங்கும் கண்டுபிடிப்பது வேறெங்குமாகத்தான் இருக்கும் என்பது என் கருத்து.

இவ்வளவு நேர்த்தியான கருவி பாதுகாப்பு விஷயத்தில் எதிர்பாராத ஒரு வேலையையும் செய்துவிடுகிறது. கையில் கைபேசி இல்லாவிட்டால் ஆபத்தில்லை என்ற நம்பிக்கையை 1997-இலேயே டொராண்டோவில் ரெடெல்மெய்யரும் டிப்ஷிரானியும் நடத்திய ஆய்வு அசைத்துவிட்டது: அழைப்பில் இருக்கும்போது மோதலுக்கான வாய்ப்பு நான்கு மடங்கு; ஹேண்ட்ஸ் ஃப்ரீக்குத் தனிச் சலுகை எதுவும் தெரியவில்லை. அழைப்பில் இருப்பவர் திரையையும் தொடுகிறார் என்றால் கண்ணும் சாலையை விட்டு விலகுகிறது. 30 கிலோமீட்டர் வேகத்தில் 2 நொடி திரையைப் பார்த்தால் கார் 16 மீட்டருக்கும் மேல் போய்விடும். மலைப்பாதையில் அதற்குள் வளைவே வந்துவிடலாம்.

பக்கத்து இருக்கையில் இருப்பவரோடு பேசுவது அந்த அளவுக்குக் கெடுதல் செய்வதில்லை என்பதை யூட்டா பல்கலைக்கழகத்தார் 2008-இல் காட்டினார்கள். உடன் வருபவர் சாலையைப் பார்க்கிறார். நெரிசல் கூடும்போது பேச்சைக் குறைக்கிறார், அல்லது பேச்சையே சாலையின் பக்கம் திருப்புகிறார். எதிர்முனையில் இருப்பவருக்குச் சாலை தெரியாது. ஓசைதான் அவருக்குக் கிடைக்கக்கூடிய ஒரே தடயம். என்ஜினின் சீரான இரைச்சலை இன்னொரு கருவி மட்டுப்படுத்திவிடுகிறது. "இடதுபுறம் கூர்மையாகத் திரும்பவும்" என்ற அறிவிப்பை எதிரொலி நீக்கி கழித்துவிடுகிறது. கொண்டை ஊசி வளைவில் அண்ணன் ஸ்டியரிங்கை முழுமூச்சாகத் திருப்பிக்கொண்டிருக்கையில், தங்கை வளைகாப்புக்கு யார் யாரை அழைப்பது என்ற பட்டியலைத் தொடர்ந்து வாசித்துக்கொண்டிருப்பார்.

கார் நிறுவனங்கள் இதைச் சரிசெய்ய முடியும். வளைவு வரப்போவது மேப்புக்குத் தெரியும், வேகம் காருக்குத் தெரியும், வழிகாட்டிக் குரலோ மைக்கில் ஏற்கெனவே விழுந்துகொண்டிருக்கிறது. தங்கையின் குரலை மட்டும் நீக்கியின் கணக்கில் வைத்துவிட்டு, வளைவு அறிவிப்பின் நகலை அதற்குக் கொடுக்காமல் விட்டால், அந்த அறிவிப்பு எதிர்முனையிலும் கேட்கும். அதற்குப் புதிதாக எந்தக் கருவியும் பொருத்த வேண்டியதில்லை.