குட்டியைச் சேர்க்காத ஆடு

கால்நடை மருத்துவராக நான் அடிக்கடி கேட்கும் புகார் இது: "டாக்டர், தலையீத்து ஆடு, குட்டியைச் சேர்க்க மாட்டேங்குது." அண்மையில் ஒரு வீட்டில், நள்ளிரவில் பிறந்த குட்டியை அந்த வீட்டு அம்மா அக்கறையோடு வெந்நீரில் குளிப்பாட்டி, சாக்கில் சுற்றி, அடுப்படியில் படுக்க வைத்து, விடிந்த பிறகே தாயிடம் விட்டிருக்கிறார். ஆடு குட்டியின் வாலடியை முகர்ந்தது, பின்வாங்கியது, முட்டித் தள்ளியது. "இதுக்கு நெஞ்சே இல்லைங்க" என்றார் அந்த அம்மா.

குறை ஆட்டின் நெஞ்சில் இல்லை. சினையின் இறுதியில் புரோஜெஸ்டிரோன் என்னும் ஹார்மோன் குறைந்து ஈஸ்ட்ரோஜன் என்னும் ஹார்மோன் கூடும்போது, ஆக்ஸிடோசின் என்னும் இன்னொரு ஹார்மோனைப் பற்றிக்கொள்ளும் ஏற்பிகள் மூளையில் பெருகுகின்றன. குட்டி பிறப்புப் பாதையை விரித்துக்கொண்டு வெளிவரும்போது எழும் நரம்புத் தூண்டல் தண்டுவடம் வழியே மூளையின் அடிப்பகுதியிலுள்ள ஹைப்போதலாமஸை எட்ட, அங்கே சுரக்கும் ஆக்ஸிடோசின் இரத்தத்தில் கலந்து கருப்பையைச் சுருக்கிப் பாலை இறக்குவதோடு, மூளைக்குள்ளும் வெளிப்பட்டு, வாசனையை அறியும் முகர்குமிழையே மாற்றியமைக்கிறது. செம்மறி ஆடுகளில் கென்ட்ரிக், லெவி, கெவர்ன் ஆகிய ஆய்வாளர்கள் 1992-இல் வெளியிட்ட ஆய்வில், ஈனுவதற்கு முன் பெரும்பாலும் தீவன வாசனைக்கே துடித்த முகர்குமிழ் நரம்பணுக்களில் பல, ஈன்ற பின் குட்டியின் வாசனைக்குத் துடித்தன. ஆனால் இந்தத் திறப்பு சில மணி நேரமே நீடிக்கும். அதற்குள் தாய் தன் குட்டியை நக்கி, பனிக்குட நீரின் வாசனையோடு அதை அடையாளம் கண்டுகொள்ள வேண்டும். வெள்ளாட்டுக்கு ஈன்றவுடன் 5 நிமிட நெருக்கமே போதும் என்பதை ஆய்வாளர் கிளாப்ஃபர் 1964-லேயே காட்டியிருக்கிறார். அந்த வீட்டிலோ வெந்நீர் வாசனையைக் கழுவிவிட்டது, இரவு நேரத்தைத் தின்றுவிட்டது.

சிலர் ஆக்ஸிடோசின் ஊசி போடச் சொல்கிறார்கள். ஊசியில் ஏற்றும் மருந்து இரத்தத்திலிருந்து மூளைக்குள் மிகச் சொற்பமாகவே நுழையும் என்பதால், பால் இறங்குமே தவிர ஆடு குட்டியை ஏற்காது.

ஈன்றதும் குட்டியின் மூக்கையும் வாயையும் மட்டும் துடைத்து, தொப்புளில் டிங்சர் அயோடின் தடவி, தாயின் முகத்தருகே விட்டுவிடுங்கள். மழைக்காலத்தில் உடலைத் துவட்ட வேண்டியிருந்தாலும் தாயின் கண்ணெதிரிலேயே துவட்டுங்கள். நேரம் தவறிவிட்டால் முதலில் சீம்பாலைக் கறந்தாவது புகட்டிவிட்டு, இருவரையும் சிறு தடுப்பில் அடைத்து, நாளுக்கு நான்கைந்து முறை ஆட்டைப் பிடித்து நிறுத்தி ஊட்டவிட வேண்டும். தாயின் பால் குட்டியின் உடலில் சேரச் சேர அதன் வாசனையும் தாய் ஏற்கும்படி மாறிவரும்.

அந்த வீட்டிலும் அப்படியே செய்யச் சொன்னேன். நான்காம் நாள் மாலை நான் போனபோது, யாரும் பிடிக்காமலே ஆடு குட்டியின் வாலடியை முகர்ந்துவிட்டு, பின்னங்கால்களை அகட்டி நின்றுகொண்டிருந்தது.