உவர்க்கிணறும் தேங்காய் எண்ணெய்ச் சவர்க்காரமும்

அம்மன் சடங்கு பார்த்துவிட்டு வீடு திரும்பினால் வெள்ளை வேட்டியில் எங்காவது மஞ்சள் நீர் பட்டிருக்கும். கிணற்றடியில் அதற்குச் சவர்க்காரம் போட்டதும் மஞ்சள் கறை இரத்தச் சிவப்பாக மாறிவிடும். சிறுவயதில் முதல்முறை அதைக் கண்டபோது வேட்டி பாழாகிவிட்டது என்று அழுதேன். அம்மம்மா ஒரு பாதித் தேசிக்காயைக் கறைமேல் தேய்த்தார். சிவப்பு மறைந்து பழைய மஞ்சள் திரும்பியது.

மஞ்சளில் இருக்கும் குர்குமின் என்ற நிறப்பொருள் காரத்தில் சிவக்கும், அமிலத்தில் மஞ்சளாகும். சவர்க்காரம் காரத்தன்மை உடையது. அதன் பெயரின் முடிவிலேயே காரம் இருக்கிறது. அமில, கார நிலையை அளக்கும் பி.எச். அளவுகோலில் சவர்க்கார நுரை 9 முதல் 10 வரை நிற்கும். நலமான தோலின் மேற்பரப்போ 5ஐ ஒட்டிய மெல்லிய அமில நிலையில் இருக்கிறது. இந்த அளவுகோலில் ஒரு படி ஏறுவது பத்து மடங்கு மாற்றம். ஆகவே 5க்கும் 10க்கும் இடையே உள்ள தூரம் ஓர் இலட்சம் மடங்கு. கடையில் வாங்கும் சவர்க்காரக் கட்டிக்கும், முற்றத்தில் நாமே செய்யும் 'இயற்கை'ச் சவர்க்காரத்துக்கும் இது பொது. காரமில்லாத உண்மைச் சவர்க்காரம் என்று எவராவது விற்றால் நம்பாதீர்கள்.

மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில் இருக்கும் என் சின்னம்மா தேங்காய் எண்ணெயில் சவர்க்காரம் செய்து அக்கம்பக்கத்துக்கு விற்கிறார். ஒரு கிலோ எண்ணெய் முழுவதையும் சவர்க்காரமாக்க ஏறத்தாழ 183 கிராம் கோஸ்டிக் சோடா, அதாவது சோடியம் ஐதரொட்சைட்டு, வேண்டும். அதைத் தண்ணீரில் கரைக்கும்போது கலவை கொதிநிலையை நெருங்கும் அளவுக்குச் சூடாகும். சோடாவைத்தான் தண்ணீருக்குள் சிறிது சிறிதாக இட வேண்டும். சோடாவின்மேல் தண்ணீரை ஊற்றினால் சீறித் தெறித்து முகத்தைச் சுட்டுவிடும். அலுமினியச் சட்டியும் ஆகாது. காரம் அலுமினியத்தைத் தின்று, தீப்பற்றும் ஐதரசன் வாயுவை வெளியேற்றும்.

ஆறிய காரக்கரைசலை எண்ணெயில் விட்டுக் கலக்கும்போது நடப்பதை 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரான்சின் இரசாயன அறிஞர் செவ்ரல் விளக்கினார். 1823இல் அவருடைய ஆய்வு நூலாக வெளிவந்தது. எண்ணெய் மூலக்கூறு ஒன்றில் மூன்று நீண்ட கொழுப்பமில இழைகள் கிளிசரின் என்ற ஒரே காம்பில் தொங்குகின்றன. காரம் அந்தக் காம்பிலிருந்து இழைகளை அறுத்துவிடுகிறது. ஒவ்வோர் இழையும் சோடியத்தோடு சேர்ந்து சவர்க்காரமாகிறது. காம்பு கிளிசரினாக விடுபடுகிறது. சோடா முழுவதும் இப்படிச் செலவாகிவிடுவதால், சரியாக நிறுத்துச் செய்த கட்டியில் அது தனியாக மிஞ்சுவதில்லை. அப்படியிருந்தும் மஞ்சள் தடவினால் கட்டி சிவக்கத்தான் செய்யும். சவர்க்காரமே காரத்தன்மையுள்ளது என்பதுதான் காரணம். அதைப் பார்த்துச் சோடா மிஞ்சிவிட்டதென்று கட்டியை எறிய வேண்டாம்; தராசில் சரியாக நிறுப்பதே பாதுகாப்பு.

சவர்க்காரமான இந்த இழைக்குத் தண்ணீரை விரும்பும் தலை ஒன்று, எண்ணெயை விரும்பும் வால் ஒன்று. உடம்பில் வியர்வையும் தூசும் கலந்து படிந்த எண்ணெய்ப் பிசுக்கில் வால்கள் குத்தி நிற்க, தலைகள் வெளியே தண்ணீரைப் பார்த்து நிற்கும். தேய்க்கத் தேய்க்கப் பிசுக்கு சிறுசிறு உருண்டைகளாக உடைந்து, வாளித் தண்ணீரோடு போய்விடும்.

எங்கள் ஊரின் கதை அந்த வாலின் நீளத்தில்தான் இருக்கிறது. எழுவான்கரை என்பது கடலுக்கும் வாவிக்கும் நடுவே கிடக்கும் மணல். மழைநீர் அந்த மணலுக்குள் இறங்கி, கனத்த உப்புநீரின்மேல் ஒரு நல்ல நீர்ப் படலமாக மிதக்கிறது. எங்கள் கிணறுகள் அந்தப் படலத்தைத்தான் தொடுகின்றன. கோடையில் படலம் மெலிந்தால் தண்ணீர் உவர்க்கும். 2004 டிசம்பர் 26இல் கடல் ஊருக்குள் வந்தபோது கரையோரக் கிணறுகள் உப்பேறிப் போனதை நாங்கள் பார்த்தோம். உவர்நீரில் சவர்க்காரத்துக்கு இரண்டு இடையூறுகள் உண்டு. அதிலுள்ள சோடியம், சவர்க்காரத்தைக் கரையவிடாமல் பிரித்துத் தள்ளும். கல்சியமும் மக்னீசியமும் சவர்க்காரத்தோடு சேர்ந்து, நுரைக்குப் பதிலாக வாளி விளிம்பில் வெள்ளை அழுக்காக ஒட்டும்.

பெரும்பாலான எண்ணெய்களின் வால் 18 காபன் அணு நீளமுள்ளது. உப்புநீரில் எளிதில் தோற்றுவிடும். தேங்காய் எண்ணெயில் ஏறத்தாழ பாதி லோரிக் அமிலம் என்ற கொழுப்பமிலம். அதன் வால் 12 காபன்தான். வால் குட்டையானதால் அது தண்ணீரில் நன்றாகக் கரையும், உப்பையும் தாக்குப்பிடிக்கும். கடல்நீரில் குளிக்க வேண்டியிருந்த மாலுமிகளுக்குத் தேங்காய் எண்ணெய்ச் சவர்க்காரம் கொடுக்கப்பட்டது இதனால்தான். தென்னந்தோப்பும் உவர்க்கிணறும் அடுத்தடுத்து இருக்கும் நிலத்துக்கு இதைவிடப் பொருத்தமான எண்ணெய் கிடையாது என்பேன்.

ஆனால் உவர்நீரில் நுரைக்க உதவும் அதே குட்டை வால்தான் தோலை வருத்துகிறது. தோலின் மேலடுக்கு ஒரு மில்லிமீற்றரில் ஐம்பதில் ஒரு பங்குக்கு மேல் பெரும்பாலான இடங்களில் தடிக்காது. இறந்த கலங்கள் செங்கற்களாகவும், இடையில் கொழுப்பு சாந்தாகவும் கட்டிய சுவர் அது. 12 காபன் வால் அந்தச் சாந்துக்குள் எளிதில் நுழைந்து கொழுப்பைக் கரைத்து எடுக்கும். கூடவே காரத்தால் தோலின் அமிலப் படலமும் குலையும். நலமான தோல் அதைச் சில மணி நேரத்தில் மீட்டுக்கொள்ளும். வறண்ட கச்சான் காற்று வீசும் மாதங்களில் நாளுக்கு இருமுறை உடம்பு முழுக்க நுரை போட்டுக் குளிப்பவருக்கு மீள நேரம் கிடைக்காது. கால்முட்டிக்குக் கீழே வெள்ளை வெள்ளையாகப் பொருக்கு வெடிப்பது அதனால்தான்.

சின்னம்மாவிடம் வாங்கிய பெண்ணொருவர் "தோல் இழுக்கிறது அக்கா" என்று வந்து சொன்ன பிறகுதான் நாங்கள் இதைப் பற்றி உட்கார்ந்து பேசினோம். வழி எளிது. ஒரு கிலோ எண்ணெய்க்கு 183 கிராமுக்குப் பதிலாக 146 கிராம் சோடா இட்டால் ஐந்தில் ஒரு பங்கு எண்ணெய் சவர்க்காரமாகாமலே கட்டிக்குள் தங்கும். குளிக்கும்போது குட்டை வால்களின் வேகத்தை அது ஓரளவு தணிக்கிறது. நுரை சிறிது குறையும், பரவாயில்லை. நீண்ட வால் கொண்ட நல்லெண்ணெயையோ இலுப்பெண்ணெயையோ ஒரு பங்கு கலப்பது இன்னொரு வழி. இலுப்படிச்சேனை என்று ஊருக்கே மரத்தின் பெயர் வைத்த மாவட்டத்தில் இலுப்பெண்ணெய் அரிதாகிவருவது எனக்கு வருத்தம். எண்ணெய் மாறினால் சோடாவின் அளவும் மாறும் என்பதை மட்டும் மறக்கக்கூடாது.

கட்டிக்குள் மஞ்சள் சேர்ப்பதைப் பலர் விரும்புகிறார்கள். காரத்தில் குர்குமின் சிவந்து, பிறகு விரைவாகச் சிதைந்துவிடும். மிஞ்சுவது நிறமும் ஆசையும்தான். தேசிக்காய்ச் சாறு சேர்த்தால் அதன் அமிலம் காரத்தோடு சேர்ந்து சோடியம் சித்திரேற்று ஆகிவிடும். அமிலமாக அது தோலுக்கு உதவாது. என்றாலும் கிணற்றுக் கல்சியத்தைப் பிடித்துவைத்து வாளியின் வெள்ளை அழுக்கைக் குறைக்கும். தேசிக்காயைத் தோலில் நேரடியாகத் தேய்த்துவிட்டு வெயிலில் போவதோ ஆபத்து. அதன் தோலிலும் சாற்றிலும் உள்ள சில பொருட்கள் சூரியனின் புறஊதாக் கதிர் பட்டதும் சருமத்தைச் சுட்டுக் கொப்புளமாக்கும். பிறகு கருமை பல வாரங்கள் மாறாது. குழந்தைகளுக்கு இதைச் செய்யவே வேண்டாம்.

அம்மம்மா எங்களுக்குப் போட்டது பெரும்பாலும் பயற்றம்மா, அதாவது பயறு அரைத்த மா. அதன் நுண்துகள்கள் பிசுக்கை ஒற்றி எடுக்கும். தோலைக் காரத்துக்குத் தள்ளாது, சாந்தையும் அதிகம் கரைக்காது. சீயாக்காயில் சப்போனின் என்ற பொருள் நுரைக்கிறது. அதற்கும் கொழுப்பை விரும்பும் பக்கம் ஒன்று, தண்ணீரை விரும்பும் சர்க்கரைப் பக்கம் ஒன்று. அதன் கரைசல் மெல்லிய அமிலமானது. உவர்நீர்க் கல்சியத்தோடு சேர்ந்து வெள்ளை அழுக்காகவும் மாறாது. வறண்ட தோல் உள்ளவர்கள் அக்குள், பாதம் போன்ற இடங்களுக்கு மட்டும் சவர்க்காரமும் மற்ற இடங்களுக்குப் பயற்றம்மாவும் போடலாம். குளித்த ஈரம் உலரும் முன் சில துளி தேங்காய் எண்ணெய் தடவினால் அந்த ஈரம் தோலில் தங்கும்.

சின்னம்மாவின் புதிய கட்டிகள் நான்கு முதல் ஆறு வாரம் பலகையில் கிடக்கின்றன. சவர்க்காரமாகும் வேலை ஓரிரு நாளில் முடிந்துவிடும். பிறகு தண்ணீர் ஆவியாகிக் கட்டி இறுகும். கச்சான் காற்றில் அது கல்லாக இறுகிவிடும். ஐப்பசி மழை பிடித்ததும் கட்டிக்குள் இருக்கும் கிளிசரின் காற்றின் ஈரத்தை இழுத்து, மேற்பரப்பில் பனித்துளிகள்போல வியர்க்கும். வாங்க வருபவர்கள் பழுதாகிவிட்டதா என்று கேட்பார்கள். சின்னம்மா துணியால் ஒற்றித் துடைத்துவிட்டு, தோலுக்கு ஈரம் பிடித்துக்கொடுக்கும் கிளிசரின் அது என்று எடுத்துச் சொல்கிறார்.